அக்ரீ என்ற வினைக்குப் பின்னால் வித் வருமா, டு வருமா, ஃபார் வருமா?

பின்னலாடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்து பையருக்குத் தினமும் பத்து இருபது மெயில் எழுத வேண்டிய வேலை. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. ஆங்கிலத்தை வேலைக்கு வந்தபிறகு கேட்டும் பார்த்தும்தான் பிடித்துக்கொண்டேன். எட்டு வருடம் ஆகியும் அக்ரீ என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்கு வசப்படவே இல்லை.

போன மாதம் ஒரு லாட்டில் நேவி ஷேடு, ஓகே ஆன லேப் டிப்பைவிட, அதாவது பையர் பார்த்துச் சரி சொன்ன சாய மாதிரித் துணியைவிட, வெளுத்து வந்துவிட்டது. "மறுபடியும் சாயமேற்றித்தான் அனுப்ப வேண்டும், ஐந்து நாள் கூடுதலாகும்" என்று பையருக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில்: "ஐ குடுன்ட் அக்ரீ மோர்." குடுன்ட் என்றால் முடியாது, மோர் என்றால் மேலே. "இதற்கு மேல் ஒத்துக்கொள்ள முடியாது" என்று எடுத்துக்கொண்டு, டையிங்குக்கு போன் போட்டு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவே அழைத்து, "சாயம் எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்டார். அப்போதுதான் அவர் முழு மனதோடு சரி சொல்லியிருந்தார் என்பதே எனக்குத் தெரிந்தது.

அப்புறம் நேற்று அவரிடமிருந்து இன்னொரு மெயில்: "ப்ளீஸ் அக்ரீ த ரிவைஸ்டு ப்ரைஸ் பை ஃப்ரைடே." வித் இல்லை, டு இல்லை. ஆங்கிலேயரே இப்படி எழுதலாமா? எங்கள் மேனேஜர் எப்போதும் "தே ஹாவ் அக்ரீட் ஃபார் த ப்ரைஸ்" என்றுதான் எழுதச் சொல்வார். எது சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வகுப்பறை எழுதியது:

அம்மா, பாளையங்கோட்டையில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதலில் அந்தக் குடுன்ட் அக்ரீ மோரை எடுத்துக்கொள்வோம். இந்த அமைப்பு தமிழிலும் இருக்கிறது. விருந்துக்குப் போன வீட்டில் "இதைவிட ருசியாகச் சமைக்க முடியாதுங்க" என்கிறோம். அதில் "முடியாது" இருக்கிறது என்பதற்காகச் சமைத்தவர் முகம் வாடுவதில்லை. அது உச்சப் பாராட்டு. அதே போலத்தான் உங்கள் பையர் சொன்னதும்: "இதைவிட அதிகமாக ஒத்துக்கொள்ள முடியாது." தமிழில் "இதைவிட" என்பதை வாய்விட்டுச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்தத் துண்டு மறைந்து நிற்கிறது, அதனால்தான் தடுக்கி விழுகிறோம். மோரை எடுத்துவிட்டு "ஐ குடுன்ட் அக்ரீ" என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் பயம் நியாயமானது.

இனி வித், டு, ஆன் மூன்றையும் பார்ப்போம். இதை நான் வகுப்பில் நம் வேற்றுமை உருபுகளை வைத்தே சொல்லிக்கொடுப்பேன். "உன்னோடு உடன்படுகிறேன்" என்றால் ஓடு, அது வித். ஆளோடும் கருத்தோடும் வருவது. "உன் திட்டத்துக்குச் சம்மதிக்கிறேன்" என்றால் கு, அது டு. ஒருவர் முன்வைத்ததற்குத் தலையாட்டும்போது வருவது. "விலையில் உடன்பாடு வந்தது" என்றால் இல், அது ஆன். இரண்டு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வந்த விஷயத்தில் வருவது. மூன்றாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமை. மூன்றும் நம் கையில் ஏற்கெனவே இருக்கின்றன.

பிறகு ஏன் தப்பு வருகிறது? நான்காம் வேற்றுமை கு உருபைப் பார்த்ததும் நம் வாயில் ஃபார் வந்துவிடுகிறது. "எனக்கு வாங்கினேன்" என்றால் ஃபார். "ஊருக்குப் போனேன்" என்றால் டு. ஒரே உருபுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வாசல். "கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்" என்று மனதில் ஓடும்போது, "அக்ரீட் ஃபார் த மேரேஜ்" என்ற தப்பான வாசலில் நுழைந்துவிடுகிறோம். அங்கே வேண்டியது டு.

நடுப்பக்கம் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. "அக்ரீட் ஃபார்" என்பதை ஏன் தப்பு என்கிறீர்கள்? நம் நாட்டு ஆங்கிலச் செய்திகளிலும் அலுவலகக் கடிதங்களிலும் இதைப் பார்க்கிறேன். ஒரு நாட்டில் இத்தனை பேர் ஒரே மாதிரி எழுதினால் அது அந்த நாட்டு வழக்கு. ப்ரீபோன் என்ற சொல்லை நாம் புழங்கிப் புழங்கித்தான் ஆங்கில அகராதிக்குள்ளேயே கொண்டுபோனோம். எங்கள் வீட்டிலும் "பேரன்ட்ஸ் அக்ரீட் ஃபார் த அலையன்ஸ்" என்பார்கள். யாருக்கும் புரியாமல் போனதில்லை.

வகுப்பறை எழுதியது:

நல்ல கேள்வி. நமக்குள் பேசும்போது யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் இந்த அம்மா எழுதுவது நமக்குள் இல்லை. "அக்ரீட் ஃபார்" என்று படித்தால் ஓர் ஆங்கிலேயருக்கு அடுத்து என்ன தோன்றும் என்று யோசியுங்கள். "அக்ரீட் ஃபார் த ஃபர்ஸ்ட் லாட்" என்றால் "முதல் லாட்டுக்காக மட்டும் ஒத்துக்கொண்டார்கள்" என்றும் கொள்ளலாம். அப்படியானால் எதை ஒத்துக்கொண்டார்கள் என்பது வாக்கியத்தில் இல்லை. விலையையா, தேதியையா? டு போட்டால் அந்தச் சந்தேகமே எழாது. நான் ஃபாரை விலக்கச் சொல்வது இதனால்தான். வெள்ளைக்காரர் எழுதுவதில்லை என்பது எனக்குப் பெரிய காரணமில்லை.

பேரேடு எழுதியது:

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். "அக்ரீ த ப்ரைஸ்" பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். அது தப்பில்லை. முன்னிடைச்சொல் எதுவும் இல்லாமல் நேரே செயப்படுபொருளைச் சேர்ப்பது பிரிட்டன் பக்கத்து வழக்கம். விலை, நிபந்தனை, தேதி, சம்பள உயர்வு இவற்றோடு அங்கே தாராளமாக வரும். அமெரிக்கர் அதையே "அக்ரீ ஆன் எ ப்ரைஸ்" என்பார்கள், ஆன் இல்லாவிட்டால் அவர்களுக்கு உறுத்தும். உங்கள் பையர் இங்கிலாந்து என்பதால் அப்படி எழுதியிருக்கிறார். நாளைக்கு அமெரிக்க பையருக்கு எழுதினால் ஆன் சேர்த்துவிடுங்கள்.

கணக்கில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு உயிர் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு தொகை, நம் கேஷ் புக்கில் ஒரு தொகை. இரண்டும் ஒன்றாக வந்தால் "த டூ ஃபிகர்ஸ் அக்ரீ." வராவிட்டால் "டோன்ட் அக்ரீ." இங்கே கருத்துமில்லை, சம்மதமுமில்லை, இரண்டு எண் பொருந்துகிறதா என்பது மட்டும்தான். நம் ஊரில் டேலி ஆகலை என்போம். என் முதலாளி பழைய ஆள், "கணக்கு ஒத்துவரலையே" என்பார். அவர் சொல்வதுதான் அக்ரீயின் நேர்ச்சொல் என்று எனக்கு இன்றைக்குத்தான் படுகிறது. ஆளும் ஒத்துவர வேண்டும், எண்ணும் ஒத்துவர வேண்டும், நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

மருந்துக்கடை எழுதியது:

உடம்பும் ஒத்துவர வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்கு வருகிறவர்களில் நாலில் ஒருவராவது "போன தடவை குடுத்த மாத்திரை ஒத்துக்கலீங்க" என்பார். ஆங்கிலத்திலும் இதற்கு அக்ரீதான் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். "மில்க் டஸின்ட் அக்ரீ வித் மீ" என்றால் பால் எனக்கு ஒத்துக்காது. ஆனால் வாக்கியத்தை எங்கே தொடங்குவது என்பதில் கவனம் வேண்டும். தமிழில் "எனக்கு" என்று ஆளை வைத்துத் தொடங்குகிற பழக்கத்தில், என் மகன் பள்ளியில் "ஐ டோன்ட் அக்ரீ மில்க்" என்று எழுதியிருந்தான். பாலின் கருத்தை இவன் மறுக்கிறான் என்பது போல ஆகிவிட்டது. எழுவாய் பால்தான். ஆள் வித்துக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

நல்ல விதமாகவும் சொல்லலாம். ஊட்டிக்குப் போய் வந்தவர் முகம் தெளிந்திருந்தால் "த க்ளைமேட் அக்ரீஸ் வித் யூ" என்பார்கள். நாம் "ஊட்டித் தண்ணி உனக்கு ஒத்துக்கிச்சு" என்கிறோமே, அதேதான்.

கடற்கரைச்சாலை எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். மருந்துக்கடை நண்பர் சொன்ன பொருளைப் பிடித்துக்கொண்டு போனால் வேரே கிடைத்துவிடும். ஆங்கில அக்ரீ, பழைய பிரெஞ்சு அக்ரேயே என்ற வினையிலிருந்து வந்தது. பிடித்துப்போவது, மனதுக்கு இனியதாக இருப்பது என்று பொருள். அதற்கும் அடியில் லத்தீன் க்ராத்துஸ், அதாவது இனிமையானது. க்ராட்டிட்யூட், கங்க்ராஜுலேட் எல்லாம் அதே வேர்.

இங்கே பிரெஞ்சில் முறையான கடிதம் எழுதக் கற்றவர்களுக்கு அக்ரேயே பழகின முகம். கடிதத்தை முடிக்கும்போது "வூயே அக்ரேயே" என்று தொடங்கும் நீண்ட வாக்கியத்தால் வணக்கத்தை "ஏற்றருளுமாறு" கேட்பார்கள். என் தாத்தா கடிதங்களில் அந்த வரியைத்தான் முதலில் படிக்கக் கற்றேன். ஆங்கிலத்தில் அக்ரீயபிள் என்றால் ஒத்துக்கொள்கிறவர் என்பதைவிட இனிமையானவர் என்ற பொருள் முன்னால் நிற்பதும் இந்த வேரால்தான்.

வடமராட்சி எழுதியது:

நான் இப்ப ரொறன்ரோவில். எங்கட ஊர்ப் பேச்சில் இதற்கு ஓம்படுதல் என்று ஒரு சொல் இருக்கிறது. "முதல்ல வரமாட்டன் எண்டவர், பிறகு ஓம்பட்டுட்டார்" என்போம். ஓம் என்றால் ஆம். ஆம் என்று சொல்லும் நிலைக்கு வருவது ஓம்படுதல். அக்ரீ டு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது. ஆனால் கருத்து ஒத்துப்போவதற்கு நாங்கள் ஓம்படுதலைப் பாவிப்பதில்லை. உங்கட கட்சிக் கொள்கையோடு நான் ஓம்படுகிறேன் என்று ஒருவரும் சொல்லமாட்டினம். வித்தும் டுவும் ஆங்கிலத்தில் பிரிக்கிற இடத்தில் நாங்கள் சொல்லையே மாற்றிவிடுகிறோம்.

இங்கே வந்த புதிதில் நான் செய்த பிழையையும் சொல்கிறேன். வேலைத்தளத்தில் "ஐ ஆம் அக்ரீயிங் வித் யூ" என்றுதான் நெடுநாள் சொன்னேன். கூட வேலை செய்த ஸ்பானிஷ்காரர் "ஐ ஆம் அக்ரீ" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் மேற்பார்வையாளர் திருத்தம் சொன்னார். அது ஏன் பிழை என்று ஆசிரியர் ஐயா விளக்கினால் நல்லது.

வகுப்பறை எழுதியது:

ஓம்படுதல் அருமையான சொல். குறித்துக்கொண்டேன்.

உங்கள் நண்பருடைய சிக்கல் அவருடைய மொழியிலிருந்து வந்தது. ஸ்பானிஷில் "உடன்பாட்டில் இருக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். அந்த இருக்கிறேன்தான் ஆம் ஆக வந்து ஒட்டிக்கொண்டது. நம் சிக்கல் வேறு. "ஒத்துக்கொள்கிறேன்" என்பதில் உள்ள கிறு, வழக்கமாக நடப்பதையும் இந்த நொடி நடப்பதையும் சேர்த்தே காட்டும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கும். கருத்து ஒத்துப்போவது ஒரு நிலை, நடந்துகொண்டிருக்கும் செயல் இல்லை. அதனால் "ஐ அக்ரீ" போதும். ஆனால் பேச்சுவார்த்தை இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தால் அது செயல். "வி ஆர் ஸ்டில் அக்ரீயிங் த டெர்ம்ஸ்" என்று பிரிட்டனில் எழுதினால் சரிதான். ஒரு கூட்டம் முடிவுக்கு வந்துவிட்டால் "வி ஆர் அக்ரீட்" என்பதும் சரிதான், கொஞ்சம் முறைப்படியான நடை.

இன்னொரு இடமும் இருக்கிறது. இலக்கணத்திலும் இந்தச் சொல் வரும். எழுவாயும் பயனிலையும் ஒத்திருப்பதை ஆங்கிலத்தில் அக்ரிமென்ட் என்பார்கள், நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் கான்கார்ட். ஆங்கில வினை இதில் பெரும்பாலும் சோம்பேறி. நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் வந்தால் ஓர் எஸ், அவ்வளவுதான். நம் வினை வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று திணை, பால், எண், இடம் நான்குக்கும் ஒத்துப்போகிறது. இரண்டு உயிரெழுத்து அடுத்தடுத்து வந்து முட்டும்போது நடுவில் ய், வ் நுழைகிறதே, அதற்கு நன்னூல் வைத்திருக்கும் பெயரே உடம்படுமெய். உடன்பட வைக்கும் மெய். மணி அடித்தான் என்பது மணியடித்தான் ஆகும்போது, அந்த ய் இரண்டு பக்கத்தையும் சமாதானமாக உட்கார வைக்கிறது. எந்த வருடம் இந்தப் பாடத்துக்கு வந்தாலும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றுவிடுவேன்.

கோர்ட்டுவாசல் எழுதியது:

வக்கீல் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லைத் தப்பாக வைத்தால் ஒருவருடைய வாழ்க்கையே மாறிவிடும். அதனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, தமிழ் ஒத்துக்கொள் மிகப் பெரிய குடை. தப்பை ஒத்துக்கொள்வதும் அதுதான், வேலைக்கு வர ஒத்துக்கொள்வதும் அதுதான். ஆங்கிலத்தில் முதலாவது அட்மிட், இரண்டாவது அக்ரீ. "அவர் பணம் வாங்கியதை ஒத்துக்கொண்டார்" என்பதை ஒருவர் "ஹீ அக்ரீட் டு டேக் த மனி" என்று மாற்றியிருந்ததைப் பார்த்தேன். முதலாவது, ஏற்கெனவே வாங்கியதை மறைக்காமல் சொன்னது. இரண்டாவது, இனிமேல் வாங்கச் சம்மதித்தது. கோப்பு போவதற்குள் கண்ணில் பட்டது நல்லதாயிற்று. இதன் மறுபக்கம் "ஹீ அக்செப்டட் டு கம்" என்பது. வர ஒத்துக்கொள்வதற்கு அக்செப்ட் போட முடியாது. அக்செப்டுக்குப் பின்னால் பொருள் வரும்: அழைப்பு, பரிசு, மன்னிப்பு. செய்யப்போகும் வேலை வந்தால் அக்ரீ டு.

இரண்டாவது, பின்னலாடை அக்காவின் தொழிலுக்கே வேண்டியது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சம்மதம் என்றால் என்ன என்று சொல்கிறது. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றால்தான் சம்மதம். ஆங்கில மூலத்தில் அங்கே வருவது "அக்ரீ அபான் த சேம் திங் இன் த சேம் சென்ஸ்." இருவரும் தலையாட்டினால் மட்டும் போதாது, இருவர் மனதிலும் ஒரே பொருள் இருக்க வேண்டும்.

இதற்கு எல்லோரும் படிக்கும் வழக்கு 1864இல் இங்கிலாந்தில் நடந்தது. அதுவும் பஞ்சு வியாபாரம். சூரத் பருத்தி 125 பேல், பம்பாயிலிருந்து லிவர்பூலுக்கு "பியர்லெஸ்" கப்பலில் வரும் என்று பேச்சு. ஆனால் பியர்லெஸ் என்ற பெயரில் இரண்டு கப்பல் இருந்தன. ஒன்று அக்டோபரில் பம்பாயிலிருந்து கிளம்பியது, மற்றது டிசம்பரில். வாங்கியவர் நினைத்தது அக்டோபர் கப்பலை, விற்றவர் சரக்கு ஏற்றியது டிசம்பர் கப்பலில். சரக்கு வந்தபோது வாங்கியவர் எடுக்க மறுத்தார். வழக்கு அவர் பக்கம்தான் முடிந்தது. கப்பல் பெயர், பேல் கணக்கு எல்லாம் எழுத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. மனதில் இருந்த கப்பல்தான் வேறு வேறு.

நடுப்பக்கம் எழுதியது:

இதைப் படித்த பிறகு ஃபார் விஷயத்தில் என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வீட்டுப் பேச்சில் அது நம் வழக்கு என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒப்பந்த மெயிலில் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆசிரியர் மற்றதையும் ஏற்கச் சொன்னால், அக்ரீ டு டிஸக்ரீ.

வகுப்பறை எழுதியது:

அந்தத் தொடர் வந்ததும் நல்லதுதான். மெதடிஸ்ட் கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1770இல், தன்னோடு கடுமையாகக் கருத்து வேறுபட்ட சக போதகர் ஜார்ஜ் வைட்ஃபீல்டு இறந்தபோது ஆற்றிய நினைவுரையில் அதைச் சொன்னார். அடிப்படை அல்லாத விஷயங்களில் நாம் வேறு வேறாக நினைக்கலாம், அதற்கு இருவரும் சம்மதிக்கலாம் என்பது கருத்து. இங்கேயும் பாருங்கள், அக்ரீக்குப் பின்னால் டுதான். கருத்து ஒத்துப்போகவில்லை, சம்மதம் மட்டும் இருக்கிறது.

பின்னலாடை எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. மேனேஜரிடமும் காட்டினேன், பொறுமையாக முழுக்கப் படித்தார். வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டிய மெயிலை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "வி அக்ரீ வித் த ரிவைஸ்டு ப்ரைஸ் அண்ட் வி அக்ரீ டு ஷிப் இன் டிசம்பர்."

வகுப்பறை எழுதியது:

இரண்டாவது பாதி சரியாக இருக்கிறது. முதல் பாதியில் வித் வேண்டாம். வித் போட்டால் "அந்த விலை நியாயம்தான் என்று நாங்களும் நினைக்கிறோம்" என்ற அளவில் நின்றுவிடலாம். அந்த விலைக்குக் கொடுக்கச் சம்மதம் என்று எழுத டு போடுங்கள்.

கோர்ட்டுவாசல் எழுதியது:

அக்கா, டிசம்பர் என்று மட்டும் விடாதீர்கள். எந்தத் தேதி? அந்தத் தேதிக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்ப வேண்டுமா, கப்பல் கிளம்ப வேண்டுமா? விலை எந்த ஆர்டர் எண்ணுக்கு?

பின்னலாடை எழுதியது:

வித்தை எடுத்துவிட்டு டு போட்டேன். ஆர்டர் எண், ஒரு பீஸுக்கு என்ன விலை, தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்பும் தேதி மூன்றையும் தனித்தனி வரியில் சேர்த்தேன். கீழே "ப்ளீஸ் கன்ஃபர்ம் ஈச் லைன்" என்று எழுதி இப்போதுதான் அனுப்பினேன்.